வழவழப்பும் சொரசொரப்பும்

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்து, அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் இருந்து, ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் உராய்வு என்னும் பாடம் வரும்போது, கரும்பலகையில் ஒரு வாக்கியத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் இடுவேன். "பரப்பு சொரசொரப்பாக இருந்தால் உராய்வு மிகும், வழவழப்பாக இருந்தால் உராய்வு குறையும்" என்பதே அவ்வாக்கியம். பிள்ளைகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். தேர்விலும் எழுதி மதிப்பெண் பெறுவார்கள். நானும் மனநிறைவோடு அடுத்த பாடத்திற்குச் செல்வேன். அந்த வாக்கியம் பாதி உண்மை என்பதை நான் அறிந்துகொண்டது ஓய்வு பெற்ற பிறகு, என் வீட்டுத் திண்ணையில், ஒரு படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான். அதற்குள் அது மூன்று பேரை நடுக்கடலில் நிறுத்திவிட்டிருந்தது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

குமரி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்று என் ஊர். என் தங்கையின் மகன் வள்ளத்தில் மீன் பிடிப்பவன். நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் கரையிலிருந்து புறப்பட்ட வள்ளங்களும் கட்டுமரங்களும் பாயையும் துடுப்பையுமே நம்பிச் சென்றன. பின்னர் வள்ளத்தின் பின்புறத்தில் மாட்டிக்கொள்ளும் மோட்டார் வந்தது. வெளியே தொங்குவதால் அவுட்போர்டு மோட்டார் என்று பெயர். இவ்வகை மோட்டாரை வணிகத்தில் பெருவெற்றியாக்கியவர் நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர். 1909ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் அவர் விற்பனைக்குக் கொணர்ந்த மோட்டாரின் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரைக் குதிரைத்திறன். எடை 62 பவுண்டு. கோடைநாள் ஒன்றில் ஏரியின் அக்கரைக்குப் படகு வலித்துச் சென்று தம் காதலிக்காக ஐஸ்கிரீம் வாங்கி வந்தாராம். திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம். அதனால் பிறந்த எண்ணமே இந்த மோட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. அவர் பெயர் தாங்கிய மோட்டார்களைச் செய்வது 2020இல் நின்றுபோயிற்று. ஆனால் அவருடைய கருத்து உலகத்துக் கடற்கரைகளிலெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

என் மருமகனுடையது 9.9 குதிரைத்திறன் கொண்ட இரண்டு சிலிண்டர் மோட்டார். பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை. மண்ணெண்ணெய் மலிவு, ஆனால் அது பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. முற்றிலும் எரியாமல் கரியாகப் படியும். பிஸ்டன் வளையங்களைச் சுற்றி இறுகிக்கொள்ளும். மசகெண்ணெயையும் நீர்க்கச் செய்யும். ஆகவே இம்மோட்டார்களைச் சில பருவங்களுக்கு ஒருமுறை பிரித்துப் புதுப்பித்தே தீரவேண்டும். பட்டறையில் கொடுத்தால் செலவு ஒரு பக்கம். நாட்கணக்கில் தொழில் கெடுவது மற்றொரு பக்கம். எனவே, "வீட்டிலேயே பிரிப்போம் மாமா, நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்" என்றான் மருமகன். விஞ்ஞான ஆசிரியன் என்ற பெருமை எனக்கும் இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

சிலிண்டர் என்பது ஓர் உருளை வடிவப் புழை. எங்கள் மோட்டாரில் அதன் உள்விட்டம் 56 மில்லிமீட்டர். அதனுள் அலுமினியக் கலவையால் ஆன பிஸ்டன் 50 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் ஓடுகிறது. நிமிடத்திற்கு 5000 சுற்று என்று கொண்டால், ஒரு விநாடியில் பிஸ்டன் கடக்கும் தூரம் சராசரி 8 மீட்டருக்கும் மேல். அவ்வளவு விரைவில் ஓடினும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை, அதாவது உச்சியிலும் அடியிலும், கணநேரம் நின்று திரும்புகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே இருக்கும் இடைவெளியை அடைப்பவை பிஸ்டனின் மேற்புறத்தில் பொருத்திய மெல்லிய இரும்பு வளையங்கள். இவை சுவரோடு நன்கு பொருந்தினால்தான் எரிந்த வாயு பிஸ்டனை முழு வலிமையோடு தள்ளும். பொருந்தாவிடில் வாயு பக்கவாட்டில் நழுவி, வலிமை வீணாகும்.

நாங்கள் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தபோது வளையங்கள் தேய்ந்திருந்தன. சிலிண்டர்ச் சுவரில் ஆங்காங்கே மெல்லிய கீறல்கள் தெரிந்தன. ஒழுங்காக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் கோடுகளாக அவை இருந்ததைக் கண்டும் நான் சிந்திக்கவில்லை. "இந்தக் கீறல்களெல்லாம் போகட்டும், மக்களே. கண்ணாடிபோல வழவழப்பாக்கு. உராய்வு குறைந்தால் மோட்டார் நீண்ட நாள் உழைக்கும்" என்று சொன்னேன். அவனும் மிக நுண்ணிய உப்புத்தாளைக் கொண்டு இரண்டு நாள் பொறுமையாகத் தேய்த்தான். முகம் பார்க்கலாம் போலாயிற்று சுவர். புது வளையங்களைப் போட்டோம், மோட்டார் ஓடிற்று, நான் மகிழ்ந்தேன்.

முதல் வாரத்திலேயே அவன் குறை சொன்னான். புகை அதிகம்; வலையேற்றிய வள்ளத்தைத் தள்ளும் வலிமை போதவில்லை; எண்ணெய் மிகுதியாகச் செலவாகிறது. "புது வளையம், பழகட்டும்" என்றேன். ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் மாலை, கரையிலிருந்து சுமார் 9 கடல் மைல் தூரத்தில், எதிர்காற்றில் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தபோது மோட்டார் முனகிக்கொண்டே நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. அவனோடு இருந்த இருவருமாக மூவர். வேறொரு வள்ளம் அவர்களைக் கண்டு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தபோது இரவு இரண்டு மணி. அதுவரை நானும் என் தங்கையும் மணலில் நின்றுகொண்டிருந்தோம். அவள் அழவில்லை. "அண்ணா, உங்கள் படிப்பை நம்பித்தானே அவன் தேய்த்தான்" என்று மட்டும் கேட்டாள். பள்ளி ஆய்வாளர்கள் கேட்ட எத்தனையோ கேள்விகளுக்கு நான் விடை சொல்லியிருக்கிறேன். இதற்கு விடை சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை அடுத்த தெருவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பேருந்துப் பணிமனை ஒன்றில் பிட்டராக முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். எட்டாம் வகுப்புக்குமேல் படித்தவரல்லர். அவருடைய பேரப் பிள்ளைகள் இருவர் என்னிடம் படித்திருக்கிறார்கள். சிலிண்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தார். "சார், உங்கள் வீட்டில் அம்மி உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "அது தேய்ந்து வழுக்கிப் போனால் என்ன செய்வீர்கள்?" என்றார். கொத்துபவனைக் கூப்பிட்டுக் கொத்தச் சொல்வோம் என்றேன். "அப்படியானால் இதை மட்டும் ஏன் வழுக்கவிட்டீர்கள்?" என்றார்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. அந்த நெறியை அந்தப் பெரியவர் என்மீதே பிரயோகித்தார். என் தாயார் அம்மியின் முன் அமர்ந்து, "வழுக்குகிறது, அரைபடவில்லை" என்று சலித்துக்கொண்ட நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. தெருவில் அம்மி கொத்துபவன் குரல் கேட்டதும் எங்களை ஓடிச்சென்று அழைத்துவரச் சொல்வார். உளியால் அவன் வரிசை வரிசையாகப் பொளிந்து செல்வதை நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம்.

வழவழப்பு ஏன் சிலிண்டருக்கு ஆகாது? இதை இரண்டு படியாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, மிக வழவழப்பான இரண்டு பரப்புகள் எளிதில் வழுக்கிச் செல்லும் என்பது எல்லா இடத்திலும் உண்மையன்று. சுவீடன் நாட்டைச் சேர்ந்த யோஹான்சன் என்பவர் 1896ஆம் ஆண்டில் கருத்தளித்து உருவாக்கிய அளவுக் கட்டைகளை இயந்திரப் பட்டறைகளில் காணலாம். எஃகால் ஆன சிறு கட்டைகள் அவை. அவற்றின் முகங்கள் வியக்கத்தக்க அளவு சமதளமானவை; வழவழப்பானவை. இரண்டு கட்டைகளை முகத்தோடு முகம் வைத்துச் சற்றே அழுத்தித் திருகினால் ஒட்டிக்கொள்ளும். ஒன்றைத் தூக்கினால் மற்றதும் கூடவே வரும். பசை ஏதும் இல்லை. மேடு பள்ளம் நீங்கியதனால் இரண்டும் நெருங்கி நிற்கின்றன. அந்த நெருக்கமே, இடையில் உள்ள ஈரப்படலத்தோடு சேர்ந்து, அவற்றைப் பிணைக்கிறது. என் வாக்கியப்படி அவை வழுக்கி ஓடியிருக்க வேண்டும் அல்லவா?

இரண்டாவது, பிஸ்டன் வளையம் சுவரைத் தொட்டு ஓடுவதில்லை, தொட்டு ஓடலாகாது. இடையே எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் அவற்றுள் சில கூறுகளே அதன் கனம். வளையம் விரைந்து ஓடும்போது அந்தப் படலத்தின்மீது, நீரின்மேல் பலகை சறுக்குவதுபோல, மிதந்து செல்கிறது. ஆனால் உச்சியில் பிஸ்டன் நின்று திரும்பும் கணத்தில் வேகம் சூனியம். வேகம் இல்லையேல் மிதப்பும் இல்லை. வெப்பமும் அழுத்தமும் மிகுந்திருக்கும் இடமும் அதுவே. அந்தக் கணத்தில் வளையத்தைக் காப்பாற்ற எண்ணெய் எங்கிருந்து வரும்? சுவரில் உள்ள நுண்ணிய கீறல்கள் எண்ணெயைச் சேமித்து வைத்திருந்தால் அங்கிருந்து வரும். கண்ணாடிபோன்ற சுவரில் எண்ணெய் தங்க இடமேது? வளையம் அதை வழித்துக்கொண்டு போய்விடும். எங்கள் மோட்டார் இரண்டு அடி எஞ்சின். அதற்குத் தனியே எண்ணெய்த் தொட்டி இல்லை. எரிபொருளோடு கலந்து வரும் சிறிதளவு எண்ணெயே அதற்குக் கதி. அப்படிப்பட்ட எஞ்சினின் சேமிப்புக் குழிகளைத்தான் நான் இரண்டு நாள் தேய்த்து அழிக்கச் சொன்னேன்.

கீறல்களுக்கு மற்றொரு வேலையும் உண்டு. இங்கேதான் அம்மி உவமை சரியாகப் பொருந்துகிறது. புது வளையம் வட்டமாகத் தோன்றினாலும் சுவரின் வட்டத்தோடு இம்மியும் பிசகாமல் பொருந்துவதில்லை. முதல் சில மணி நேரத்தில் கீறல்களின் இடையே உள்ள கூரிய மேடுகள் வளையத்தின் முகத்தை மெல்ல அராவி, சுவரின் வடிவத்திற்கு இசைவாக்குகின்றன. அந்த வேலையில் மேடுகளின் கூரும் மழுங்கிவிடுகிறது; பள்ளங்கள் மட்டும் எண்ணெய்க் குழிகளாக எஞ்சுகின்றன. எங்கள் வழவழச் சுவரில் அராவும் மேடு இல்லை. வளையம் பொருந்தவே இல்லை. வாயு நழுவிற்று, நழுவிய சூட்டுவாயு எண்ணெயை எரித்தது, அதனால் புகை. முடிவில் பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சுவரில் அப்பிக்கொண்டது.

நிற்க. இனி நாங்கள் இரண்டாம் முறை செய்ததைச் சொல்கிறேன். சுவரில் வேண்டிய கீறல்களை வேண்டிய அளவில் உண்டாக்கும் இத்தொழிலுக்குப் பட்டறைகளில் ஹோனிங் என்று பெயர்.

முதலில் அப்பிய அலுமினியத்தை நீக்கவேண்டும். இங்கே என் வேதியியல் சிறிது பயன்பட்டது. எரிசோடாக் கரைசல் அலுமினியத்தைக் கரைக்கும். அப்போது ஹைட்ரஜன் வாயு குமிழியிடும். இரும்பை அது தொடாது. சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. ஆகவே குச்சியில் பஞ்சைச் சுற்றி, கரைசலில் தோய்த்து, கறைமீது மட்டும் தடவினேன்; குமிழி நின்றால் அலுமினியம் தீர்ந்தது என்று பொருள். ஆனால் அந்த வார்ப்பிரும்புக் குழலைச் சுற்றியுள்ள உடம்பு முழுவதும் அலுமினியமே! ஒரு சொட்டு தவறினால் அதையும் தின்றுவிடும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்தே செய்தேன். மாணவர்கள் இதைத் தனியே செய்து பார்க்கலாகாது.

அடுத்தது அளத்தல். வளையம் நின்று திரும்பும் உச்சிப் பகுதியில்தான் தேய்மானம் அதிகம்; ஆகவே மேலே, நடுவே, கீழே என மூன்று உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் விட்டத்தை அளக்கவேண்டும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு சாய்வைக் காட்டும். இரு திசைகளுக்குள்ள வேறுபாடு வட்டம் கெட்டிருப்பதைக் காட்டும். எங்கள் சிலிண்டரில் சாய்வு 0.04 மில்லிமீட்டர், கையேட்டில் கண்ட எல்லை 0.08. தப்பினோம். எல்லை கடந்திருந்தால் ஹோனிங் எவ்வளவு செய்தும் பயனில்லை. கடைசல் பட்டறையில் கொடுத்துப் போர் போட்டு, கால் அல்லது அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் வாங்கிப் போடுவதே வழி. இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோணிப்போன சுவரின்மீது அழகிய கீறல்களைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர்.

ஹோனிங் கருவி இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒன்று, மூன்று கால்களில் நீண்ட சாணைக்கற்களை உடையது. வில் அவற்றைச் சுவரோடு அழுத்தும். மற்றொன்று, நைலான் இழைகளின் நுனியில் சிறு சிறு சாணை உருண்டைகளைக் கொண்ட தூரிகை. பார்ப்பதற்குப் பழக்குலைபோல் இருக்கும். இரண்டு அடி எஞ்சினின் சுவரில் வாயு புகவும் வெளியேறவும் சன்னல்போன்ற வாயில்கள் வெட்டப்பட்டுள்ளன. நீண்ட கல்லின் முனை அவற்றில் இடித்துக்கொண்டு கல்லும் உடையலாம், வாயிலின் விளிம்பும் உடையலாம். உருண்டைகளோ வளைந்து கொடுத்துத் தாண்டிச் செல்லும். பெரியவர் இரண்டாவது வகையையே வாங்கச் சொன்னார், நாகர்கோவிலில் வாங்கினோம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். சில எஞ்சின்களின் சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த கடினப் பூச்சு உண்டு. ஜெர்மனியில் 1967இல் வந்த நிக்கசில் என்பது இவ்வகை. அத்தகைய சுவரில் சாதாரண சாணைக் கல்லைக் கொண்டுசெல்லலாகாது. கையேட்டைப் பாராமல் கருவியைத் தொடவேண்டாம்.

இப்போது கணக்கு. கீறல்கள் கிடையாக இருந்தால் வளையம் அவற்றின்மேல் குதித்துக் குதித்துச் செல்லும். செங்குத்தாக இருந்தால் எண்ணெய் வழிந்தோடிவிடும். ஒன்றையொன்று சுமார் 45 பாகையில் வெட்டிக்கொள்ளும் சாய்கோடுகளே வேண்டும். கருவி சுழலவும் வேண்டும், அதே சமயம் மேலும் கீழும் நகரவும் வேண்டும். எவ்வளவு வேகத்தில்? ஒரு தாளைச் சிலிண்டருக்குள் சுருட்டி வைத்து எடுத்து விரித்துப் பாருங்கள். உருளைச் சுவர் செவ்வகமாகிவிடும், சுருள்கோடு நேர்கோடாகிவிடும். 56 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 176 மில்லிமீட்டர். கருவி நிமிடத்திற்கு 300 சுற்று, அதாவது விநாடிக்கு 5 சுற்று சுழன்றால், ஒரு விநாடியில் கிடைவாக்கில் 880 மில்லிமீட்டர் செல்கிறது. இரு கோடுகளுக்கு இடையே 45 பாகை வேண்டுமானால் ஒவ்வொன்றும் கிடைக்கோட்டிலிருந்து இருபத்திரண்டரைப் பாகை சாயவேண்டும். அதன் டான்ஜெண்ட் 0.414. பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 364 மில்லிமீட்டர். எங்கள் சிலிண்டரில் கருவி நகரும் நீளம் 90 மில்லிமீட்டர். ஆகவே ஒரு விநாடியில் நான்கு ஓட்டம். அதாவது இரண்டு முறை மேலே, இரண்டு முறை கீழே. திண்ணையில் உட்கார்ந்து இதை நான் கணக்கிட்டு முடித்துத் தலைநிமிர்ந்தபோது பெரியவர் முதல் சிலிண்டரை முடித்துவிட்டிருந்தார். அவருக்கு டான்ஜெண்ட் தெரியாது. வாய்க்குள் "ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு" என்று தாளம் போட்டுக்கொண்டே செய்தார். கைப்பேசியில் படம் எடுத்து, பாகைமானியை வைத்து அளந்தேன். 42 பாகை இருந்தது!

இவ்வேலைக்கு முன்பே எஞ்சினின் அடிப்பெட்டியைப் பிரித்து, வளைதண்டையும் உருளை பேரிங்குகளையும் வெளியே எடுத்துவிட்டோம்; சாணைப்பொடி அவற்றில் புகுந்தால் அத்தோடு முடிந்தது. எண்ணெயைத் தாராளமாக விட்டு, மெதுவாகச் சுழலும் டிரில்லில் கருவியைப் பூட்டி, சுழலும்போதே உள்ளே விட்டு, சுழலும்போதே வெளியே எடுக்கவேண்டும். உள்ளே நிறுத்தினால் அந்த இடத்தில் வளையம்போல் தடம் விழும். பதினைந்து இருபது விநாடி, துடைத்துப் பார், வேண்டுமானால் மறுபடியும் அவ்வளவே. என் மருமகன் இரண்டாம் சிலிண்டரைச் செய்தான். ஆர்வ மிகுதியால் கையை நீட்டிக்கொண்டே போனான். "போதும் தம்பி, நாம் கீறத்தான் வந்தோம், குடைய வரவில்லை" என்று பெரியவர் தடுத்தார். பின்னர் வாயில்களின் விளிம்புகளில் நுனிவிரலால் தடவிப் பார்த்து, கூராக இருந்த இடங்களைச் சிறிய உருண்டைக் கல்லால் மழுக்கினார். இல்லையேல் வளையம் அங்கே மாட்டி முறிந்துபோகும்.

அடுத்து நடந்ததில்தான் நான் இரண்டாம் முறையும் தவறவிருந்தேன். சிலிண்டரை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவித் துடைத்தேன், பளிச்சென்று இருந்தது. "முடிந்தது" என்றேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் என் பழைய வெள்ளை வேட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, சிறிது எண்ணெயில் தோய்த்து, சுவரை ஒரு சுற்றுத் துடைத்து என்னிடம் நீட்டினார். துணி சாம்பல் நிறமாக இருந்தது. அது அழுக்கன்று, சாணைக்கல்லின் பொடியும் இரும்புத் துகளும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் எண்ணெயைத்தான் கரைக்கும்; கீறல்களுக்குள் பதிந்து கிடக்கும் பொடியை அங்கேயே விட்டுவிடும். சோப்பு நீரோ துகளைச் சூழ்ந்து பற்றித் தூக்கி நீரோடு கொண்டுபோகும். அப்பொடியோடு எஞ்சினை ஓட்டியிருந்தால் அதுவே நாள் முழுதும் ஹோனிங் செய்துகொண்டிருக்கும்; புது வளையங்கள் விரைவிலேயே தேய்ந்து தீரும். எனக்கு மணலில் நின்ற அந்த இரவு நினைவுக்கு வந்தது, உடம்பு சிலிர்த்தது.

என் தங்கை வெந்நீர் வைத்துக்கொடுத்தாள். சலவைத் தூளைக் கரைத்து, கெட்டியான நைலான் தூரிகையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். ஒவ்வொரு கழுவலுக்கும் ஒரு வெள்ளைத் துண்டு. ஏழாவது துண்டுதான் வெள்ளையாகவே திரும்பி வந்தது. ஹோனிங் செய்ய ஆன நேரம் இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்துச் சில நிமிடம்; கழுவ ஆன நேரம் ஒன்றரை மணி. கழுவி உலர்த்திய உடனே எண்ணெய் பூசியாகவேண்டும். நீர் பட்ட வார்ப்பிரும்பு எங்கள் உப்புக் காற்றில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மை படரத் தொடங்கிவிடும்.

புது வளையத்தைப் பிஸ்டனில் மாட்டுமுன் சிலிண்டருக்குள் தனியே இட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள சந்தை ஃபீலர் கேஜ் தகட்டால் அளந்தோம். சந்து குறைந்தால் சூட்டில் வளையம் நீண்டு முனைகள் முட்டும். மிகுந்தால் வாயு நழுவும். கையேட்டின் எல்லைக்குள் இருந்தது. பழுதான பிஸ்டனுக்குப் பதில் புதிதொன்று வாங்கினோம். வளைய முனைகள் வாயில்களில் சிக்காதபடி பிஸ்டனில் ஒரு சிறு முளை அவற்றைத் தடுத்து நிற்கிறது. முனைகள் அந்த முளையின்மீது சரியாக அமர்ந்தனவா என்று நான் மூன்று முறை பார்த்தேன். ஒரு முறை போதும் என்று மருமகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

பின்னர் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நேர்ந்தது. முதல் பத்து மணி நேரம் மண்ணெண்ணெய் கூடாது. பெட்ரோலில் 25க்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்து, முழு வேகம் கொடுக்காமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டவேண்டும் என்று நானும் பெரியவரும் சொன்னோம். "பத்து மணி நேரம் பெட்ரோலை எரித்துக்கொண்டு கடலில் சும்மா சுற்றுவதா மாமா? ஏற்கெனவே மூன்று வாரம் வருமானம் இல்லை" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் இரண்டு குழந்தைகள். கடைசியில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திற்குள்ளேயே சிறுவலை போடுவது, பெட்ரோல் செலவில் பாதி என் ஓய்வூதியத்திலிருந்து என்று முடிவாயிற்று. ஐந்து நாள் காலையில் அவன் சென்று வரும்வரை நான் கரையில் உட்கார்ந்து மோட்டாரின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓசையில் எனக்கு அப்படியொன்றும் ஞானம் இல்லை, இருந்தாலும் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் நாள் மாலை அழுத்தத்தை அளந்து பார்த்தோம். பொறிக்குமிழியைக் கழற்றிய துளையில் அளவுமானியைத் திருகிப் பொருத்திக் கயிற்றை இழுத்தால், அடைபட்ட காற்றின் அழுத்தம் தெரியும். நான் வழவழப்பாக்கிய காலத்தில், மோட்டார் நின்றுபோவதற்குச் சில நாள் முன்பு, அவன் நண்பன் ஒருவன் அளந்தபோது ஒன்றில் 75, மற்றொன்றில் 80 பவுண்டுதான் இருந்ததாம். என்னிடம் சொன்னால் வருந்துவேன் என்று மறைத்துவிட்டான். ஹோனிங் செய்து மாட்டிய அன்று 100, 105. பத்து மணி நேரம் ஓடிய பின் 118, 120.

பெரியவருக்கு அந்த எண்கள் போதவில்லை. வாயு வெளியேறும் பக்கத்து மூடியைத் திறக்கச் சொன்னார். கேஸ்கட்டு ஒன்று வீணாகும் என்று மருமகன் முணுமுணுத்தபடியே திறந்தான். பிஸ்டனைக் கையால் மெல்லச் சுழற்றிக் கொண்டுவந்தால், அந்த வாயில் வழியே வளையத்தின் முகம் தெரிகிறது. கைவிளக்கை அடித்துப் பார்த்தோம். பழைய வளையத்தில் நடுவே ஒரு மெல்லிய கோடு மட்டும் பளபளத்து, ஏனைய பகுதி கடையில் வாங்கியபோது இருந்த நிறத்திலேயே இருந்தது. அது என் மேசையில் இன்றும் இருக்கிறது. புதிய வளையத்தில் முகம் முழுவதும் ஒரே சீராக மின்னிற்று. அதற்குப் பின்னால் சுவரில் குறுக்கும் நெடுக்குமான சாய்கோடுகள், சற்றே மங்கி, ஆனால் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியபடி, எண்ணெய் ஈரத்தோடு தெரிந்தன.

"மூடலாமா சார்?" என்று கேட்டார் பெரியவர். மூடுங்கள் என்றேன். மருமகன் மண்ணெண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு வள்ளத்தை நோக்கி நடந்தான். விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்படவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனான்.